கடலைக் காத்த பெயர் – 6: மணிபல்லவக் கரை

மணிமேகலா தெய்வம் கடலுக்குக் காவலாக அமர்த்தப்பட்டவள். பாலி மொழியிலுள்ள பௌத்த சாதகக் கதைகள் அவளை அப்படித்தான் அறிமுகப்படுத்துகின்றன. நான்கு திசைகளையும் காக்கும் தேவர்கள் அவளிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார்கள். கலம் உடைந்து கடலில் தத்தளிப்பவர்களில் தாய் தந்தையைப் பேணியவர்கள், அறம் தவறாதவர்கள் இருந்தால் அவர்களைச் சாகவிடக் கூடாது என்பதே அது.

அந்தப் பொறுப்பில் அவள் தாமதித்தாள். அந்தத் தாமதமே இக்கதைகளுக்கு உயிர்.

சங்க சாதகத்தில் கொடையாளியான அந்தணன் ஒருவன் பொருள் தேடிச் சுவர்ணபூமிக்குக் கலமேறுகிறான். நடுக்கடலில் கலம் உடைகிறது. ஏழு நாள் நீந்துகிறான். ஏழாம் நாள்தான் தெய்வம் கடலைத் திரும்பிப் பார்க்கிறது. இவன் இறந்திருந்தால் பழி தன்மேல் விழுந்திருக்குமே என்று பதறி உணவோடு ஓடி வருகிறது. அவனோ, இன்று நோன்பு நாள் என்று அந்த உணவை மறுக்கிறான்.

மகாசனக சாதகத்திலும் அதே ஏழு நாள். இழந்த அரசை மீட்கப் பொருள் தேடிப் புறப்பட்ட இளவரசன் கரை கண்ணுக்குத் தெரியாத நீரில் கை ஓயாமல் நீந்துகிறான். எதை நம்பி இப்படி முயல்கிறாய் என்று தெய்வம் கேட்கிறது. முயன்று மடிந்தவன் சுற்றத்தாருக்கும் தேவர்க்கும் கடன்பட்டவனாக மடிவதில்லை என்கிறான் அவன். தெய்வம் அவனைத் தூக்கிச் சென்று மிதிலை நகரத்து மாந்தோப்பில் இறக்கிவிடுகிறது.

இத்தொடரின் முன்னைய பகுதிகள் சம்புகோளத் துறையில் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்து இறங்கியதையும், மாதோட்டத்துக்கும் குடாநாட்டுத் துறைகளுக்கும் இடையே வாடையையும் சோளகத்தையும் நம்பிப் பாய் விரித்த வணிகரையும் சொல்லின. அந்தக் கடலோடிகள் ஆபத்தில் அழைத்த தெய்வம் யார் என்ற கேள்வியோடு சென்ற வாரம் நின்றோம். அவர்கள் பல தெய்வங்களை அழைத்திருப்பார்கள். ஆனால் பெயரும் கதையும் நூல்களில் தெளிவாக நிலைத்த கடல் தெய்வம் இவள் ஒருத்தியே.

* * *

ஒரு குழந்தைக்குப் பெயர் வைத்த நாள்

காவிரிப்பூம்பட்டினத்தில் கோவலனுக்கும் மாதவிக்கும் பெண் குழந்தை பிறந்தது. பெயர் சூட்டும் நாளில் கோவலன் தன் குலத்தில் வழிவழியாக வந்த ஒரு செய்தியை நினைவுகூர்ந்தான். அதை நமக்குச் சொல்வது சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை. சொல்பவன் மாடலன் என்னும் மறையோன். சொல்லும் இடம் மதுரையின் புறஞ்சேரி.

கோவலனின் முன்னோன் ஒருவன் வணிகன். நள்ளிரவில் அவன் கலம் உடைந்தது. சில நாட்கள் அலையில் நீந்தினான். அவன் செய்த தானமும் புண்ணியமும் அவனைக் கைவிடவில்லை. ஒரு தெய்வம் தோன்றி, தான் இந்திரன் ஏவலால் அக்கடலில் வாழ்பவள் என்றும், தன் பெயர் மணிமேகலை என்றும், அஞ்ச வேண்டாம் என்றும் சொல்லி அவனைக் கரையேற்றியது.

அந்தப் பெயரைத்தான் கோவலன் தன் மகளுக்கு வைத்தான்.

அன்று தானம் வாங்க வந்த முதிய அந்தணர் ஒருவரை மதயானை பற்றிக்கொண்டது. கோவலன் பாய்ந்து யானையை அடக்கி அவரை மீட்டான் என்றும் மாடலன் சொல்கிறான். பெயர்சூட்டிய நாளிலேயே சாவின் பிடியிலிருந்து ஓர் உயிர் மீட்கப்படுவது தற்செயலான அமைப்பு அன்று. மணிமேகலை என்ற பெயரோடு ‘ஆபத்தில் இருப்பவரை மீட்பது’ என்ற செயலையும் இளங்கோவடிகள் முடிந்துவைத்தார் என்றே கொள்ளலாம்.

இரண்டு மரபுகளுக்கும் இடையில் ஒரு வேறுபாடு உண்டு. பாலிக் கதைகளில் தெய்வத்தை அமர்த்தியவர்கள் நான்கு திசைக் காவலர். தமிழில் அமர்த்தியவன் இந்திரன். புகார் எனப்பட்ட காவிரிப்பூம்பட்டினமோ ஆண்டுதோறும் 28 நாள் இந்திர விழா எடுத்த ஊர். இந்திரனுக்கு விழா நின்றால் இந்திரனின் காவல் தெய்வம் என்ன செய்யும் என்ற வினா அந்த அமைப்புக்குள்ளேயே ஒளிந்திருந்தது. அது பின்னால் வெடித்தது.

* * *

உவவனத்திலிருந்து ஓர் இரவுப் பயணம்

சீத்தலைச் சாத்தனார் பாடிய மணிமேகலை 30 காதைகள் கொண்டது. பலர் அதை கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். அதற்கும் முந்தியது என்போரும் உண்டு. ஏட்டிலிருந்து அதைப் பதிப்பித்து 1898இல் அச்சுக்குத் தந்தவர் உ. வே. சாமிநாதையர்.

அந்தக் காப்பியத்தின் தீர்மானமான கணம் ஒரு பூங்காவில் நிகழ்கிறது.

கோவலன் கொலையுண்ட பின் மாதவி துறவு நெறியில் நிற்கிறாள். மகள் மணிமேகலை தோழி சுதமதியோடு உவவனத்துக்குப் பூப்பறிக்கப் போகிறாள். சோழ இளவரசன் உதயகுமரன் தேரேறிப் பின்தொடர்கிறான். அவள் பளிக்கறைக்குள் ஒளிகிறாள். பளிங்குச் சுவருக்கு உள்ளே அவள் உருவம் தெரிகிறது. நுழையும் வழி அவனுக்குத் தெரியவில்லை. எப்படியும் அவளை அடைவேன் என்ற உறுதியோடு அவன் திரும்புகிறான்.

அன்று மாலை அந்த வனத்தில் இன்னொரு பெண் நிற்கிறாள். இந்திர விழாவைக் காண வந்த நகரத்துப் பெண் போன்ற தோற்றம். அவள் மணிமேகலா தெய்வம்.

இரவு விழுகிறது. தெய்வம் மணிமேகலையைத் துயிலில் ஆழ்த்தி, அணைத்துத் தூக்கி வானில் ஏறுகிறது. தெற்கு நோக்கி 30 யோசனை செல்கிறது. கடல் சூழ்ந்த ஒரு தீவின் மணலில் அவளைக் கிடத்திவிட்டுத் திரும்பிவிடுகிறது. அந்தத் தீவின் பெயர் மணிபல்லவம்.

கலம் உடைந்தவனைக் கரை சேர்த்த தெய்வம், இங்கே கரையில் நின்ற ஒரு பெண்ணை எடுத்துக் கடல் நடுவே வைக்கிறது. சாத்தனார் செய்த துணிவான மாற்றம் இது. மணிமேகலைக்கு அன்று ஆபத்து கடலில் இல்லை. அது அரண்மனையிலிருந்து தேரில் வந்தது. மீட்பு, அந்தத் தேர் எட்டாத இடத்துக்குக் கொண்டுபோவது.

தெய்வம் புகாருக்குத் திரும்பி இரண்டு பேரைச் சந்திக்கிறது. உதயகுமரனிடம் முறை தவறாதே என்று எச்சரிக்கிறது. சுதமதியை எழுப்பி, ஏழாம் நாள் உன் தோழி திரும்பி வருவாள் என்று சொல்கிறது. சாதகக் கதைகளில் கடலில் நீந்தியவனின் ஏழு நாள் இங்கே தீவில் தனித்திருக்கும் பெண்ணின் ஏழு நாளாகிறது.

* * *

தீவில் கண்விழித்தவள்

பொழுது விடிகிறது. மணிமேகலை கண் விழிக்கிறாள். வனம் இல்லை, தோழி இல்லை, நகரம் இல்லை. மணல்மேடும் அலையும் புன்னையும் மட்டுமே. தோழியை அழைத்து, தந்தையை நினைத்து, அழுது அலைகிறாள்.

அப்போது ஒரு பீடிகை கண்ணில் படுகிறது. புத்தர் அமர்ந்து அறம் உரைத்த ஆசனம். நாகநாட்டை ஆண்ட இரு மன்னர்கள் அது தமக்கே உரியது என்று பொருதார்கள். அவர்களால் அதைப் பெயர்க்க முடியவில்லை. போரை நிறுத்தி அதில் அமர்ந்து புத்தர் அறம் சொன்னார். அதன் முன் நின்றபோது மணிமேகலைக்கு முற்பிறப்பு தெரிகிறது.

இப்போது தெய்வம் மீண்டும் வருகிறது. வேற்றுருக் கொள்ளவும் வானில் செல்லவும் பசியைத் தாங்கவும் மூன்று மந்திரங்களைக் கற்றுக்கொடுக்கிறது. கொண்டுவந்து விட்டவள் திரும்ப ஏற்றிச் செல்லவில்லை. தானே திரும்பும் ஆற்றலைத் தந்து போகிறாள்.

பீடிகையைக் காக்கும் தீவதிலகை என்பவள் அடுத்துத் தோன்றுகிறாள். அங்குள்ள கோமுகிப் பொய்கையில் வைகாசி முழுநிலவு நாளில் மேலெழும் ஒரு பாத்திரத்தைக் காட்டுகிறாள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி.

அந்தப் பாத்திரத்துக்கும் ஒரு கடல் துயரம் பின்னே இருக்கிறது. அதை வைத்திருந்தவன் ஆபுத்திரன். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறினான். காற்றின் காரணமாகக் கப்பல் மணிபல்லவத்தில் ஒதுங்கியது. அவன் இறங்கினான். இரவில் அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கப்பல் புறப்பட்டுவிட்டது. ஊட்டுவதற்கு யாருமில்லாத தீவில் வற்றாத பாத்திரத்தை வைத்திருந்து பயன் என்ன என்று அதைப் பொய்கையில் விட்டு, உண்ணாமல் உயிர் நீத்தான். அவனை விட்டுப்போன வணிகர் ஒன்பது பேர் பிழை உணர்ந்து திரும்பி வந்து, அவன் உடல் கிடந்த இடத்திலேயே உயிர்விட்டார்கள்.

கடலோடும் சமூகம் ஒன்று தன் மனச்சாட்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை இது. கரையில் ஒருவரை விட்டுவிட்டுப் பாய் விரிப்பது எத்தகைய குற்றம் என்பது, கடலில் தொழில் செய்யும் எந்தக் குடிக்கும் விளக்கம் வேண்டாத செய்தி.

* * *

காவல் திரும்பிய நாள்

மணிபல்லவத்தில் சொல்லப்படும் இன்னொரு செய்தி எல்லாவற்றையும் புரட்டிப்போடுகிறது.

சோழன் நெடுமுடிக்கிள்ளிக்கும் நாகநாட்டு இளவரசி பீலிவளைக்கும் ஒரு மகன். பீலிவளை மணிபல்லவத்துக்கு வந்து, புகாருக்குப் போகும் கம்பளச்செட்டி என்ற வணிகனின் கலத்தில் குழந்தையை ஏற்றினாள். அன்றிரவே கலம் கரையருகே உடைந்தது. தப்பிய செட்டி அரசனிடம் ஓடினான். அரசன் மகனைத் தேடி அலைந்தான். அந்த ஆண்டு இந்திர விழா நடக்கவில்லை.

மணிமேகலா தெய்வம் சினந்தது. நகரைக் கடல் கொள்க என்றது. காவிரிப்பூம்பட்டினத்தின் பெரும்பகுதி நீருக்குள் போனது.

கடலிடமிருந்து மனிதரைக் காக்க வந்தவளே கடலை ஏவினாள். தெய்வத்தின் வரலாற்றில் திருப்புமுனை இதுதான். இத்தனை தலைமுறையாக அவள் காத்தது இலவசமாக அன்று என்பதைக் காப்பியம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தின் மறுபக்கம் விழா. குழந்தையை இழந்த தந்தைக்கு விழா நினைவில் இல்லாமற் போவது இயல்பு. அந்த இயல்பான மறதிக்கு நகரமே விலை கொடுக்கிறது. சாத்தனார் இதற்குச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. கடலை அறிந்தவர்களுக்குச் சமாதானம் சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

* * *

எந்தத் தீவு?

மணிபல்லவம் நயினாதீவுதான் என்பது தீவகத்து மக்களின் உறுதியான நம்பிக்கை. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறினால் சிறிது நேரத்தில் நயினாதீவு. ஒல்லாந்தர் ஹார்லெம் என்று பெயரிட்ட இத்தீவில் இன்று நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் உள்ளன. அம்மன் கோயிலின் அன்னதான மண்டபம் அமுதசுரபி என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

மகாவம்சம் சொல்லும் நாகதீபக் கதையும் சாத்தனார் சொல்வதும் ஒரே கதையின் இரு வடிவங்கள். மகாவம்சத்தில் மணி பதித்த ஆசனத்துக்காகப் பொருதவர்கள் மகோதரன், சூளோதரன் என்ற மாமனும் மருமகனும். புத்தர் ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில் அங்கு வந்து சமாதானம் செய்தார் என்கிறது அந்நூல்.

ஆனால் நாகதீபம் என்ற பெயர் ஒரு சிறு தீவுக்கு மட்டும் உரியதா? 1936இல் வடமராட்சியின் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு இதற்கு விடை தந்தது. கி.பி. 1–2ஆம் நூற்றாண்டில் ஆண்ட வசப மன்னன் காலத்தது அது. நாகதீவை ஓர் அமைச்சன் நிருவகித்ததாகவும், அங்கே ஒரு விகாரை கட்டப்பட்டதாகவும் அது கூறுகிறது. ஆகவே அக்காலத்தில் நாகதீவு என்றால் குடாநாடு முழுவதும் என்று பொருள். அதற்குப் பத்தாண்டு முன்பு, 1926இல், முதலியார் இராசநாயகம் யாழ்ப்பாணத்தின் பண்டைய வரலாறு பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலிலும் மணிபல்லவம் குடாநாட்டோடு சேர்த்தே எண்ணப்பட்டது.

காப்பியத்தின் உள்ளே ஒரு தடயம் உண்டு. மணிபல்லவத்துக்கு அயலில் இரத்தினதீவம் இருப்பதாகவும், அங்கே சமந்தம் என்னும் மலையுச்சியில் புத்தரின் அடிச்சுவடு இருப்பதாகவும் தீவதிலகை சொல்கிறாள். இரத்தினதீவம் இலங்கை, சமந்தம் சிவனொளிபாத மலை. ஆகவே சாத்தனார் மனதில் இருந்தது புகாருக்குத் தெற்கே, இலங்கையை ஒட்டிய, ஆனால் அதனின்று வேறாக எண்ணப்பட்ட ஒரு நிலம். யாழ்ப்பாணக் கடலை விட்டால் அந்த விவரணைக்குப் பொருந்தும் இடம் வேறு கிடைப்பது கடினம். அதற்குமேல் ஒரு குறிப்பிட்ட தீவைக் கவிதையை மட்டும் வைத்துத் தொட்டுக்காட்ட முடியாது. நயினாதீவின் உரிமைக்கு வலிமை சேர்ப்பது கவிதையைவிட ஒரு கல்.

* * *

பராக்கிரமபாகுவின் கல்

நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள அந்தத் தமிழ்க் கல்வெட்டைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். பொலனறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. சிங்கள மன்னன் ஒருவன் தமிழில் பொறித்த ஆணை என்பதே இக்கடலில் வணிகம் எந்த மொழியில் நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது.

ஆணையின் முதற்பகுதி ஊராத்துறையைப் பற்றியது; இன்றைய ஊர்காவற்றுறை. பிறநாட்டு வணிகர் அங்கு வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு, பல துறைகளிலிருந்தும் வருவோர் அங்கே கூட வேண்டும் என்கிறது.

அடுத்த பகுதி உடைந்த கலங்களைப் பற்றியது.

மன்னனுக்கு யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால், சரக்கில் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு; மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. கல்லிலும் செம்பிலும் இதை எழுதிவைக்கச் சொல்கிறான் மன்னன்.

யானைக்கும் குதிரைக்கும் ஏன் இந்தச் சலுகை? அது போர்க்காலம். பாண்டிய நாட்டு அரசுரிமைப் போரில் பராக்கிரமபாகு ஒரு பக்கமும் சோழர் மறுபக்கமும் நின்றார்கள். சோழன் இரண்டாம் இராசாதிராசனின் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, பராக்கிரமபாகு படையெடுப்புக்காக ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வலிகாமம், மட்டிவாள் ஆகிய இடங்களில் படையும் கப்பலும் திரட்டியதையும், சோழர் தரப்பு அவற்றைத் தாக்கி யானைகளைக் கவர்ந்ததையும் சொல்கிறது. குதிரை வணிகன் இத்துறையைத் தவிர்த்துவிட்டால் மன்னனின் படை நொண்டிவிடும். ஆகவே அவனுக்கு நட்டத்தில் குறைந்த பங்கு.

மற்ற வணிகனுக்குப் பாதி என்பது கடுமையாகத் தோன்றலாம். அக்கால வழக்கத்தோடு ஒப்பிட்டால்தான் அதன் எடை தெரியும். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதி 1244–45இல் நட்ட அபய சாசனம், புயலில் ஒதுங்கிய கலங்களின் சரக்கு முழுவதையும் முந்தைய அரசர்கள் பறித்துக்கொண்டதாக வெளிப்படையாகவே சொல்கிறது. அலை விட்டுவைத்ததை அரசன் எடுத்துக்கொண்டான். அந்த வழக்கம் நிலவிய கடலில், பாதியாவது உனக்குத் திரும்பும் என்று எழுதிக் கொடுத்த கல் பெரிய உறுதிமொழி.

மணிமேகலா தெய்வம் உயிரைக் கரை சேர்த்தாள். சரக்கைப் பற்றி அவளிடம் பேச்சில்லை. கல்வெட்டு சரக்கைப் பங்கிட்டது. உடைந்த கலத்தின் ஆள் முற்றிலும் கைவிடப்பட்டவன் அல்லன் என்ற ஒரே எண்ணத்தைக் காப்பியம் ஒரு நூற்றாண்டில் தெய்வத்தின் வாயால் சொன்னது. பல நூற்றாண்டு கழித்து அதே கடலில் அரசன் விகிதம் போட்டு எழுதினான். மணிபல்லவம் என்று மக்கள் சொல்லும் தீவில், கலம் உடைவதைப் பற்றிய சட்டமே கல்லில் கிடைப்பது, வரலாற்றை வாசிப்பவரை நிறுத்திப் பார்க்கச் செய்யும்.

* * *

பெயர் கடந்த கடல்கள்

தெய்வத்தின் பெயர் கிழக்கே வெகுதூரம் போனது. பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி 1930ஐ ஒட்டி அவளைப் பற்றித் தனியாக ஆராய்ந்து, அவள் தென்கடலுக்கு உரியவள் என்றும், அங்கிருந்தே தென்கிழக்காசியா வரை பரவினாள் என்றும் வாதிட்டார். வழி எளிது: மகாசனகன் கலமேறியது சுவர்ணபூமிக்கு, ஆபுத்திரன் புறப்பட்டது சாவகத்துக்கு. கதையே கப்பல் வழியைச் சொல்கிறது.

தாய்லாந்தில் அவள் மேகலா. பளிங்குப் பந்தை வீசி விளையாடுவாள். அதன் ஒளி மின்னல். ராமசூரன் என்ற அசுரன் கோடரி எறிந்து துரத்துவான். அதன் ஓசை இடி. கம்போடியாவில் மொனி மேகலா என்ற பெயரில் அரண்மனை நடனமாக ஆடப்படுகிறாள். மழை வேண்டி நடத்தும் சடங்கில் அந்த ஆட்டத்துக்கு இடமுண்டு. கடலைக் காத்தவள் அங்கே மழைக்குத் தலைவியாகிவிட்டாள். நெல் விளையும் சமவெளிக்குப் போன கடல் தெய்வத்துக்கு இது நேரக்கூடியதே.

1996இல் தாய்லாந்து மன்னர் பூமிபோல் அதுல்யதேஜ் மகாசனக சாதகத்தைத் தம் கையால் மறு ஆக்கம் செய்து வெளியிட்டார். பாங்கொக்கின் பிள்ளைகள் மேகலாவை அறியும் வழிகளில் அந்தக் கதையும் ஒன்று.

பின்னர் பெயர் வானிலை அட்டவணைக்குள் நுழைந்தது. மேற்குப் பசிபிக்கின் சூறாவளிகளுக்கு ஆசிய நாடுகள் தரும் பெயர்ப் பட்டியல் 2000இல் நடைமுறைக்கு வந்தபோது, தாய்லாந்து தந்த பெயர்களில் மேகலாவும் ஒன்று. 2008இல் அந்தப் பெயர் கொண்ட புயல் வியட்நாமைத் தாக்கியது. 2015 சனவரி 17இல் இன்னொன்று பிலிப்பைன்சில் கரையேறியது; அன்று தக்லோபானுக்கு வந்திருந்த பாப்பரசர் பிரான்சிஸ் தம் பயணத்தைச் சுருக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று. புயலில் சிக்கியவரை மீட்டவளின் பெயர் புயலுக்கே போய்விட்டது. புகாரைக் கடலிடம் ஒப்படைத்த அந்த ஒரு நாளை நினைத்தால் அது முழுக்கப் பொருந்தாத பெயரும் அல்ல. வங்கக்கடல் புயல்களுக்கு வேறு பட்டியல் என்பதால், யாழ்ப்பாணத்தில் அந்தப் பெயரோடு புயல் வருவதில்லை.

கிரேக்கக் கடல் மங்கையரின் பெயர்களும் இவ்வாறே நெடுந்தூரம் போயின. ஒடிசியசின் மிதவை உடைந்தபோது லியூக்கோதியா அலையிலிருந்து எழுந்து தன் முக்காட்டைக் கொடுத்து அவனைக் காத்தாள். அவனைத் தன் தீவில் ஏழு ஆண்டு வைத்திருந்தவள் கலிப்சோ. 1855இல் கண்ட ஒரு சிறுகோளுக்கு முதலாமவளின் பெயர். 1858இல் கண்டதற்கு இரண்டாமவளின் பெயர். கடலாய்வாளர் குஸ்தோவின் புகழ்பெற்ற கப்பலும் கலிப்சோவே. ஐரோப்பியர் தம் கடல் மங்கையரை வானில் ஏற்றினார்கள். தமிழர் தம் கடல் தெய்வத்தை வீட்டுக்குள் அழைத்தார்கள்: மணிமேகலை என்பது பெண்பிள்ளையின் பெயராக இன்றும் பள்ளிக்கூட இடாப்புகளில் இருக்கிறது. கோவலன் தொடக்கிவைத்த வழக்கம் அது.

* * *

துறையில் இல்லாத பெயர்

வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் கட்டியவர்கள் அவற்றுக்கு அம்மன் பெயர்களையே விரும்பி வைத்தார்கள். வேப்பமரத்தில் கட்டிய அன்னபூரணி அம்மாள் 1937இல் அங்கிருந்து புறப்பட்டு, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதை வாங்கிய அமெரிக்கர் ரொபின்சன் தன் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். அந்தக் கப்பலின் கதை இத்தொடரில் பின்னர் வரும். இங்கே கவனிக்க வேண்டியது கப்பலில் ஏறிய பெயர்: சோறிடும் அம்மன். கடல் காக்கும் மணிமேகலா அல்ல.

நயினாதீவின் தலபுராண மரபிலும் அவள் பெயர் இல்லை. ஆனால் கதையின் எலும்புகள் பழகியவை. அம்மனுக்குப் பூக்கொண்டு கடலில் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறிக்கிறான்; நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொள்கிறது; கலத்தில் வந்த சோழநாட்டு வணிகன் ஒருவன் இடையிட்டு நாகத்தைக் காக்கிறான்; அதன் பயனாக அம்மனுக்குக் கோயில் எழுப்புகிறான். கடல், கலம், சோழநாட்டு வணிகன், ஆபத்தில் இருக்கும் உயிர், காக்கும் பெண் தெய்வம். ஒன்று மட்டும் தலைகீழ். இங்கே மீட்பவன் வணிகன்.

பௌத்தம் குடாநாட்டில் தளர்ந்தபோது மணிமேகலா தெய்வத்தின் காவற்பணி வேறொரு அம்மனிடம் கைமாறியதா, அல்லது அவள் தொடக்கத்திலிருந்தே நூலில் வாழ்ந்தவளாகவும் துறையில் வேறு தெய்வங்கள் ஆண்டதாகவும் கொள்வதா? முதலாவதற்குச் சான்று கதைகளின் ஒற்றுமை மட்டுமே. கல்லோ ஏடோ இல்லை. இரண்டாவதை ஏற்றால், ஒரு வணிகக் குடும்பம் தன் பிள்ளைக்கு ஏன் அந்தப் பெயரை வைத்தது என்று சிலப்பதிகாரம் சொல்லும் காரணம் காற்றில் நிற்கும்.

விடைக்கு அருகில் கொண்டுபோகக்கூடிய இன்னொரு கதை தீவகத்திலேயே உண்டு. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கப்பல்கள் புறப்பட்டதையும், நெடுந்தீவுக் கடலில் வெடியரசன் அவற்றை மறித்ததையும் பாடும் கண்ணகி வழக்குரையின் கடலோட்டுப் பகுதி அது. மணிமேகலையின் தந்தை வீட்டுக் கதையே அங்கே வேறு பெயர்களோடு, யாழ்ப்பாணக் கடலில் நடக்கிறது. கப்பல்களை நடத்திய மீகாமன் யார்? நெடுந்தீவின் வெடியரசன் எதற்காக அவனை எதிர்த்தான்? அந்தப் போரில் கடல் யார் பக்கம் நின்றது?

(அடுத்த வாரம்)